வழி அறுந்த இடம்

மின்சாரமும் மருத்துவமும்: வரலாற்றுத் தொடர் – பகுதி 7

விரலொன்றை அசைக்கும்படி மூளை விடுக்கும் கட்டளை தசையைச் சென்றடைவதற்கு நான்கு கட்டங்களைக் கடக்கிறது. மூளையின் புறணியில் தொடங்கித் தண்டுவடத்துக்குள் இறங்கும் மேல் இயக்க நரம்பணு முதற்கட்டம். தண்டுவடத்தின் முன்கொம்பில் இருந்து அக்கட்டளையை வாங்கிக்கொள்ளும் கீழ் இயக்க நரம்பணுவும், அதன் நீண்ட இழையாகக் கை கால்கள் வரை ஓடும் நரம்பும் இரண்டாம் கட்டம். நரம்பின் நுனியிலிருந்து தசைக்கு வேதிப்பொருள் ஒன்றின் மூலம் செய்தி கைமாறும் நரம்புத்தசைச் சந்தி மூன்றாம் கட்டம். தசை நான்காம் கட்டம். இவற்றுள் எது பழுதடைந்தாலும் வெளிப்பார்வைக்குத் தெரிவது ஒன்றுதான்: கையைத் தூக்க முடியவில்லை, காலை எடுத்து வைக்க முடியவில்லை. ஆயினும் தோலின் மீது மின்வாயை வைத்து ஒரு சிறு மின்துடிப்பைச் செலுத்தினால், வழி எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்பதற்கேற்பத் தசை காட்டும் எதிர்வினை வேறுபடுகிறது.

பாரிசவாதத்தால் ஒரு பக்கம் விழுந்துபோனவர்களுக்கு இன்று இயன்மருத்துவப் பிரிவுகளில் அளிக்கப்படுவதும், நோயாளிகளின் பேச்சில் ‘கரண்ட் வைப்பது’ என்று வழங்குவதுமான மின்தூண்டல் சிகிச்சை, இந்த வேறுபாட்டை மருத்துவர்கள் அறிந்துகொண்ட பிறகே உறுதியான அடித்தளத்தைப் பெற்றது. கருவி பிறந்த இடங்கள் பாரிஸ், சிக்காகோ, லுப்லியானா, சோல்ஸ்பரி என்று பலவாக இருக்க, கண்டி நகரும் அதை ஒட்டிய பேராதனையும் இவ்வரலாற்றில் இடம்பெறுவது வேறொரு காரணத்தால் ஆகும். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வழியின் வெவ்வேறு கட்டங்களைத் தாக்கிய தசை முடக்கங்கள் அடுத்தடுத்து இலங்கையில் தோன்றின. அவற்றுள் இரண்டை மின்னோட்டத்தின் துணைகொண்டு ஆராய்ந்து உலக மருத்துவ நூல்களில் இடம்பெறச் செய்தவர்கள் பேராதனையின் மருத்துவ ஆசிரியர்கள். மின்னோட்டம் உறுதியான சிகிச்சையாவதற்கு முன்பு அது ஒரு சோதனையாக இருந்தது என்ற உண்மை, அந்த ஆய்வுகளின் வழியாகவே இந்நாட்டில் தெளிவாகப் புலப்படுகிறது.

ஐந்தாம் நாளுக்குப் பின்

மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் லெய்டன் சாடி 1740களில் கண்டுபிடிக்கப்பட்டவுடனேயே, முடங்கிய கை கால்களில் அதைச் சோதித்துப் பார்க்கும் ஆவல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுந்தது. பென்சில்வேனியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் வீட்டுக்குப் பல ஊர்களிலிருந்தும் வாதநோயாளிகள் கொண்டுவரப்பட்டனர். பெரிய சாடிகளில் திரட்டிய மின்சாரத்தை அவர்களின் செயலற்ற உறுப்புகள் வழியாக நாள்தோறும் பலமுறை பாய்ச்சிய பிராங்க்ளின், தாம் கண்டதை 1757இல் ஜோன் பிரிங்கிள் என்ற மருத்துவருக்குக் கடிதமாக எழுதினார். முதல் நாட்களில் உறுப்பில் சூடும் சிறிதளவு அசைவும் திரும்பியதையும், ஐந்தாம் நாளுக்குப் பிறகு எந்த முன்னேற்றமும் காணப்படாததையும், மனந்தளர்ந்து வீடு திரும்பியவர்கள் சில நாட்களில் பழைய நிலையையே அடைந்ததையும் அவர் மறைக்காமல் பதிவுசெய்தார். முதலில் தெரிந்த அந்தச் சிறு முன்னேற்றமும் மின்சாரத்தால் வந்ததா, அல்லது நாள்தோறும் தம் வீடு வரை வந்துபோன உடற்பயிற்சியாலும் குணமாகிவிடும் என்ற நம்பிக்கையாலும் வந்ததா என்று அவர் எழுப்பிய ஐயம், இரண்டரை நூற்றாண்டு கடந்தும் இத்துறையின் ஆய்வாளர்களை விட்டு நீங்கவில்லை.

பிராங்க்ளின் தோல்வியுற்றதற்கு ஒரு காரணம், உறுப்பு முழுவதையும் ஒரே அதிர்ச்சிக்கு உள்ளாக்கியதுதான். 1831இல் மைக்கேல் பாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்ததன் பயனாக, விட்டுவிட்டுப் பாயும் குறுகிய மின்துடிப்புகளைத் தரும் சுருள்கள் மருத்துவர்களின் கைக்குக் கிட்டின. பிரான்சின் துஷேன் த புலோன் (1806–1875), ஈரமாக்கிய மின்வாய்களைத் தோலின் மீது வைத்துத் தனித்தனித் தசைகளை மட்டும் சுருங்கச் செய்யும் முறையை வகுத்து, 1855இல் அதை நூலாக வெளியிட்டார். ஜெர்மனியின் ரொபேர்ட் ரீமாக், நரம்பு தசைக்குள் நுழையும் இடத்தின் மேலே மின்வாயை வைத்தால் மிகக் குறைந்த மின்னோட்டமே போதும் என்பதை உணர்த்த, ஹியூகோ பொன் சீம்சன் 1857இல் அத்தகைய இடங்களை உடல் முழுவதற்கும் வரைபடமாக்கினார். இயக்கப் புள்ளிகள் எனப்படும் அந்த இடங்களைத் தேடியே இன்றும் இயன்மருத்துவர் தம் மின்வாயை நோயாளியின் முன்கையில் அங்குமிங்கும் நகர்த்திப் பார்க்கிறார்.

1868இல் வில்ஹெல்ம் ஏர்ப் ஒரு முக்கியமான வேறுபாட்டை வகுத்துரைத்தார். நரம்பு உயிரோடிருக்கும் தசை, பாரடேயின் குறுந்துடிப்புக்கு வெடுக்கென்று சுருங்குகிறது; நரம்பு செத்த தசை குறுந்துடிப்பைச் சட்டை செய்வதில்லை, நீண்ட நேரம் பாயும் நேர்மின்னோட்டத்துக்கு மட்டும் புழு நெளிவதுபோல மெல்லச் சுருங்குகிறது. ‘சிதைவு எதிர்வினை’ என்று பெயர்பெற்ற இந்தக் கண்டுபிடிப்பு, வழி அறுந்தது மேல் இயக்க நரம்பணுவாகிய மேல்வழியிலா, அதற்குக் கீழுள்ள கீழ்வழியிலா என்பதை உயிருள்ள நோயாளியிடமே கேட்டறியும் முறையாக அமைந்தது.

கீழ்வழி அறுந்த பிள்ளைகள்

இந்த அறிவு இலங்கைக்குப் பரவலாகத் தேவைப்பட்ட முதற்சந்தர்ப்பங்களுள் ஒன்று போலியோ. இளம்பிள்ளைவாதம் என்று வழங்கிய அந்நோய், தண்டுவடத்தின் முன்கொம்பு அணுக்களைக் கொன்று, வழியின் இரண்டாம் கட்டத்தை அறுத்துவிடுகிறது. 1962இல் அது நாட்டில் பெரும் கொள்ளைநோயாகப் பரவிய காலமும், இலங்கையின் இரண்டாவது மருத்துவ பீடம் பேராதனையில் உருவான காலமும் ஏறத்தாழ ஒன்றே. கொழும்பில் இயன்மருத்துவருக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளருக்குமான பயிற்சிப் பாடசாலை அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் தொடங்கியிருந்தது. கண்டிப் பொது வைத்தியசாலை (இன்று கண்டி தேசிய வைத்தியசாலை) புதிய பீடத்தின் மாணவர்களுக்குக் கற்பித்தல் களமாயிற்று. 1980இல் பேராதனைப் போதனா வைத்தியசாலையும் அதனோடு சேர்ந்துகொண்டது.

போலியோவில் மின்னோட்டம் செய்யக்கூடியது குறைவு. முன்கொம்பு அணு செத்த தசைக்கு நரம்பு வழியாகத் துடிப்பை அனுப்ப இயலாது. தசையையே நேராகத் தூண்டுவதற்கு நூறு மில்லிசெக்கன் அளவிலான நீண்ட துடிப்புகள் வேண்டும். அவை தோலில் எரிச்சலைத் தருவதோடு, நிறுத்தியவுடன் தசை மீண்டும் மெலியத் தொடங்குகிறது. பிழைத்திருக்கும் அணுக்கள் புதிய கிளைகளை விட்டு அண்டைத் தசைநார்களைத் தம் வசமாக்கிக்கொள்வதால் ஓரளவு பலம் மீண்டாலும், எஞ்சிய குறையைக் காலணியும் உலோகத் தாங்கியும் பயிற்சியுமே ஈடுசெய்தன. வாய்வழித் தடுப்பு மருந்து நாடெங்கும் வழங்கப்பட்டதன் விளைவாக 1993க்குப் பிறகு இலங்கையில் போலியோ நோயாளி ஒருவரும் பதிவாகவில்லை; 2014இல் தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதும் போலியோ அற்றதாக அறிவிக்கப்பட்டது.

நல்லெண்ணெயில் கலந்த நஞ்சு

1977, 1978ஆம் ஆண்டுகளில் இலங்கையின் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த பதின்பருவப் பெண்பிள்ளைகள் சிலர், ஒருவர் பின் ஒருவராகக் கால் விழுந்த நிலையில் வைத்தியர்களிடம் கொண்டுவரப்பட்டனர். இருபதுக்கும் மேற்பட்ட அந்தப் பிள்ளைகளிடம் பொதுவாக இருந்தது ஒன்றே: எல்லோரும் அண்மையில் சாமத்தியப்பட்டவர்கள். பெரியபிள்ளையான பெண்ணுக்கு இடுப்புக்குப் பலம் சேரும் என்று பச்சை முட்டையோடும் உழுத்தங்களியோடும் நல்லெண்ணெயைத் தாராளமாகக் கொடுக்கும் வழக்கம் தமிழர் வீடுகளில் உண்டு. அவ்வாறு கொடுக்கப்பட்ட எண்ணெயில் டிரைகிரெசில் பொஸ்பேட் என்ற தொழிற்சாலை வேதிப்பொருள் கலந்திருந்தது கண்டறியப்பட்டது. கனிம எண்ணெய் வைத்திருந்த கொள்கலங்களில் நல்லெண்ணெயை ஏற்றிச் சென்றதால் இந்தக் கலப்பு நேர்ந்திருக்கலாம் என்று கருதப்பட்டது.

இதே நஞ்சு 1930இல் அமெரிக்காவில் இஞ்சிச் சாராயம் ஒன்றின் மூலமும், 1959இல் மொரோக்கோவில் விமான எந்திர எண்ணெய் கலந்த சமையலெண்ணெயின் மூலமும் பல்லாயிரக்கணக்கானோரை முடமாக்கியிருந்தது. இலங்கையில் நிகழ்ந்ததைப் பேராதனையின் நரம்பியல் அறிஞர் நிமல் சேனாநாயக்க, ஜே. ஜெயரத்தினத்துடன் இணைந்து 1981இல் ‘லான்செட்’ இதழில் அறிவித்தார். அதே ஆண்டில் அந்நோயாளிகளை மூன்றாண்டுகள் தொடர்ந்து கண்காணித்து, நரம்பின் மின்செயல்பாட்டையும் அளந்து தாம் எழுதிய விரிவான கட்டுரையை நரம்பியல் இதழொன்றில் வெளியிட்டார்.

பாரிசவாதத்தின் வரலாற்றோடு இந்த ஆய்வைப் பிணைப்பது அது காட்டிய இரட்டைத் தன்மையாகும். நஞ்சு முதலில் மிக நீண்ட நரம்பிழைகளின் நுனிகளை அழித்ததால், பாதத்தை மேலே தூக்கும் தசைகள் செயலிழந்து, நடக்கும்போது முன்பாதம் தொங்கி நிலத்தில் இழுபட்டது. காலம் செல்லச் செல்லக் கைகளிலும் கால்களிலும் நரம்பு ஓரளவு தளிர்த்தபோதோ, தண்டுவடத்தினுள் இறங்கும் மேல்வழியும் சேதப்பட்டிருந்தது வெளிப்பட்டது. துவண்டிருந்த கால்களில் விறைப்பும் மிகையான அனிச்சைத் துடிப்பும் தோன்றின. பாதம் தொங்குதல் என்ற ஒரே குறையைக் கீழ்வழியின் அழிவும் மேல்வழியின் அழிவும் தனித்தனியே உண்டாக்கக்கூடும் என்பதை, ஒரே நோயாளியின் ஒரே காலில் மாதக்கணக்கில் கவனிக்கும் வாய்ப்பு மருத்துவருக்குக் கிட்டுவது அரிது.

சந்தியில் நின்றுபோன செய்தி

டிரைகிரெசில் பொஸ்பேட் ஓர்கனோபொஸ்பேட் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்தின் வேறு சேர்மங்களே 1970கள், 1980களில் வயல்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் தெளிக்கப்பட்ட பூச்சிநாசினிகள். அவை உடலுக்குள் சென்று நஞ்சான நோயாளிகளால் இலங்கையின் வைத்தியசாலைகள் நிரம்பிய காலம் அது. நரம்புநுனி விடுக்கும் அசட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைத் தன் வேலை முடிந்ததும் சிதைத்துவிடும் நொதியம் ஒன்று சந்தியில் இருக்கிறது. ஓர்கனோபொஸ்பேட் அந்த நொதியத்தை முடக்கிவிட, அசட்டைல்கோலின் தேங்கி, உமிழ்நீர் பெருகுதல், கண்மணி சுருங்குதல், தசை துடித்தல் முதலான உடனடி நெருக்கடி ஏற்படுகிறது. அதைத் தாண்டியவர்களுள் சிலருக்கு இரண்டு மூன்று வாரங்களின் பின் நரம்பிழை அழிவு நேர்வதும் அறியப்பட்டிருந்தது.

இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவதாக ஒரு நிலை இருப்பதை நிமல் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும் 1987இல் ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்’ எழுதி உலகுக்கு அறிவித்தனர். அவர்கள் விவரித்த 10 நோயாளிகளும் முதல் நெருக்கடியிலிருந்து மீண்டுவிட்டதாகத் தோன்றியவர்கள். நஞ்சேறிய 24 மணி நேரத்துக்கும் 96 மணி நேரத்துக்கும் இடையில் அவர்களால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமற்போயிற்று, தோளும் இடுப்பும் பலமிழந்தன, மூச்சுத் தசைகளும் தளர்ந்தன. நால்வருக்கு உடனடியாகச் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டது. ‘இடைநிலை நோய்க்கூட்டு’ என்று அவர்கள் சூட்டிய பெயர் இன்று நஞ்சியல் பாடநூல்களில் இடம்பெறுகிறது.

பழுது எங்கே என்பதை அவர்களுக்கு உணர்த்தியது மின்னோட்டம். பெருவிரலின் அடியிலுள்ள தசைக்குச் செல்லும் நரம்பை மணிக்கட்டில் தூண்டி, தசையில் எழும் மின்னலையை அளந்தபோது, மெதுவாக விடப்பட்ட துடிப்புகளுக்குத் தசை ஒழுங்காக எதிர்வினை காட்டியது; துடிப்புகளை விரைவாக அடுக்கியபோதோ அலையின் உயரம் சரசரவென்று தேய்ந்தது. நரம்பு செத்திருந்தால் மெதுவான துடிப்புக்கே எதிர்வினை குன்றியிருக்கும்; தசை செத்திருந்தால் இரண்டுக்குமே குன்றியிருக்கும். ஆகவே குறை சந்தியில், அதுவும் செய்தியை வாங்கிக்கொள்ளும் தசைப்பக்கத்தில் இருப்பதாக அவர்கள் முடிவுசெய்தனர். இருபது ஆண்டுகளுக்குப் பின், சேனாநாயக்கவும் கரலியத்தவும் பங்குகொண்ட ஒரு குழு இலங்கையின் 78 நோயாளிகளிடம் நாள்தோறும் இச்சோதனையைச் செய்து, தசைப்பலம் குறைவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அலையின் வடிவம் படிப்படியாக மாறத் தொடங்குவதை 2008இல் வெளியிட்டது. யாருக்குச் செயற்கைச் சுவாசம் தேவைப்படக்கூடும் என்பதை முன்கூட்டி உணர்வதற்கு இதனால் வழி பிறந்தது.

இவ்வாறு, கீழ்நரம்பணு, நரம்பிழை, சந்தி என்று கீழ்வழியின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனியே அறுந்த நோய்களை இந்நாட்டு வைத்தியர்கள் ஒரு தலைமுறைக் காலத்துக்குள் கண்டுவிட்டனர். அவற்றுள் ஒன்றிலும் மின்தூண்டல் பெரிய சிகிச்சையாக அமையவில்லை. அமைவதற்கு வழியும் இருக்கவில்லை. கீழ்வழி முழுவதும் பழுதின்றி இருந்து, மேல்வழி மட்டும் அறுபட்ட நோயிலேயே அது பயன்தர முடியும். பாரிசவாதம் அத்தகைய நோய்.

மேல்வழி அறுந்தபோது

மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ பாரிசவாதம் உண்டாகிறது. 2015இல் வெளியான ஓர் ஆய்வு, கொழும்பில் வளர்ந்தோர் ஆயிரம் பேருக்குப் பத்துப்பேர் அளவில் பாரிசவாதத்துக்கு ஆளாகிப் பிழைத்திருப்போர் என்று கணித்தது. போலியோ ஒழிந்து, பூச்சிநாசினிகளின் நச்சுத்தன்மை தடைகளால் குறைக்கப்பட்ட நாட்டில், உயர் குருதியமுக்கமும் நீரிழிவும் பெருகியதோடு, தசை முடக்கத்துக்கான முக்கிய காரணமாகப் பாரிசவாதம் முன்னுக்கு வந்துவிட்டது.

பாரிசவாதத்தில் கட்டளை புறப்படும் இடமோ மூளையினுள் அது இறங்கும் வழியோ மட்டுமே அழிகிறது. தண்டுவட அணுவும் நரம்பும் சந்தியும் தசையும் கட்டளைக்காகக் காத்திருக்கின்றன. ஆகையால் 200 முதல் 400 மைக்ரோசெக்கன் நீளமுள்ள மிகக் குறுகிய துடிப்புகளைச் செக்கனுக்கு 20 முதல் 50 வரை நரம்பின் மேல் செலுத்தினால், தசை உடனே சுருங்கி உறுப்பை அசைக்கிறது. ஏர்ப் 1868இல் சொன்ன குறுந்துடிப்புக்கான எதிர்வினை இதுவே. எனினும் இயற்கையின் முறைக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. மூளை ஏவும்போது தசைநார்கள் முறைவைத்து மாறிமாறி இயங்குவதால் களைப்பு மெதுவாகவே சேர்கிறது; மின்துடிப்போ தன் எல்லைக்குள் சிக்கிய எல்லா நார்களையும் ஒரே கணத்தில் இழுப்பதால், சில நிமிடங்களிலேயே தசை களைத்துவிடுகிறது. தூண்டலுக்கிடையே ஓய்வு விடுவதும், துடிப்பின் செறிவைப் படிப்படியாகக் கூட்டிக் குறைப்பதும் இக்காரணத்தால்தான். இதயமுடுக்கி பொருத்தியவர்களுக்கு இச்சிகிச்சை பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. தோலுணர்ச்சி குன்றியவர்களிடமும் புண்பட்ட தோலின் மீதும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்.

1961இல் அமெரிக்காவின் விளாடிமிர் லிபர்சனும் உடனுழைத்தவர்களும் இந்த அறிவை நடையோடு இணைத்தனர். பாரிசவாத நோயாளியின் சப்பாத்துக் குதியில் ஓர் ஆளியை வைத்து, இடுப்பில் கட்டிய சிறு பெட்டியோடு கம்பியால் தொடுத்து, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறமாகத் துருத்தும் எலும்புத் தலையைச் சுற்றிவரும் நரம்பின் மேல் மின்வாயைப் பொருத்தினர். குதி நிலத்தை விட்டெழும்போது ஆளி திறந்து துடிப்பு பாய, பாதம் மேலெழும். குதி நிலத்தைத் தொட்டதும் துடிப்பு நிற்கும். சிலரிடம் பெட்டியைக் கழற்றிய பின்னும் கொஞ்ச நேரத்துக்குப் பாதம் தானாக உயர்ந்ததை லிபர்சன் கவனித்து எழுதினார். அடுத்த ஆண்டில் மோ, போஸ்ட் என்ற இருவர் இத்தகைய தூண்டலுக்குச் ‘செயல்சார் மின்தூண்டல்’ என்று பெயரிட்டனர். யூகோஸ்லாவியாவின் லுப்லியானாவில் லோய்சே வொடோவ்னிக்கின் தலைமையில் இது கையடக்கக் கருவியாக வளர்ந்து, இங்கிலாந்தின் சோல்ஸ்பரியில் ஓட்ஸ்டொக் கருவியாக நோயாளிகளின் அன்றாடப் பயன்பாட்டுக்கு வந்தது.

சான்றுகள் சொல்வது

சோல்ஸ்பரியில் ஜேன் பரிஜ் முதலானோர் பாரிசவாதத்துக்கு ஆளான 32 பேரை இரு குழுக்களாகப் பிரித்து நடத்தி 1997இல் வெளியிட்ட ஆய்வில், கருவியோடு இயன்மருத்துவமும் பெற்றவர்கள் கருவியை அணிந்து நடந்தபோது நடைவேகம் சராசரியாக 20.5 விழுக்காடும், இயன்மருத்துவம் மட்டும் பெற்றவர்களுக்கு 5.2 விழுக்காடும் கூடியது. ஆனால் கருவியைக் கழற்றியபின் அந்த முன்னேற்றம் நிலைக்கவில்லை. லிபர்சன் கண்ட எஞ்சிய பயன் இங்கே உறுதிப்படவில்லை. 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 197 பேர் பங்குபெற்றனர். மின்தூண்டல் கருவியை அணிந்தவர்களும், பாதத்தைத் தாங்கிப் பிடிக்கும் சாதாரணப் பிளாஸ்டிக் தாங்கியை அணிந்தவர்களும் நடைவேகத்தில் ஏறத்தாழச் சமமாகவே முன்னேறினர். மின்கருவியை அணிந்தவர்களின் மனநிறைவு மட்டும் கூடுதலாக இருந்தது.

கையின் கதை வேறு. 2016இல் நட்ஸன் குழுவினர் 80 பேரிடம் இரு முறைகளை ஒப்பிட்டனர். ஒன்றில், கருவி குறித்த நேரத்துக்கு ஒருமுறை தானாகவே முடங்கிய கையை விரியச் செய்தது. மற்றதில், நோயாளி நலமான கையில் உணரிகள் பொருத்திய கையுறை அணிந்து, அந்தக் கையை எவ்வளவு விரித்தாரோ அவ்வளவுக்கு முடங்கிய கையும் தூண்டலால் விரிந்தது. கருவியும் துடிப்பும் ஒத்திருந்தும், நோயாளியின் சொந்த முயற்சி கலந்த இரண்டாவது முறையே விரல்களின் திறனைக் கூடுதலாக மீட்டது. பிராங்க்ளின் 1757இல் கேட்ட வினாவுக்கான ஒரு விடை இதில் இருக்கிறது: தசையைச் சுருக்குவது ஒன்றே நோக்கமானால் மின்னோட்டத்தின் பயன் அது பாயும் வரையில் மட்டுமே; அசைக்க முயலும் எண்ணமும் அசைவும் ஒரே கணத்தில் சேரும்படி அமைத்தால், மூளையின் எஞ்சிய பகுதிகள் புதிய தொடர்புகளை உண்டாக்கிக்கொள்ளும் வாய்ப்புக் கூடுகிறது.

மலைநாட்டின் நடை

கண்டியைச் சூழ்ந்த மலைப்பகுதியில் பாதம் தொங்குதல் என்பது சமவெளியில் இருப்பதைவிடப் பெரிய இடர். நடக்கும்போது கால் முன்னோக்கி வீசப்படும் கணத்தில் பெருவிரலுக்கும் நிலத்துக்கும் இடையே இருக்கும் வெளி, நலமுள்ளவர்களுக்கே ஒன்று அல்லது ஒன்றரை சென்டிமீட்டர்தான். தளமிட்ட வைத்தியசாலை நடைகூடத்தில் அந்த அளவு போதும். வேர் துருத்திய ஒற்றையடிப் பாதையிலும், லயத்து வரிசைகளுக்கு ஏறும் கற்படிகளிலும், மழை பெய்த செம்மண் சரிவிலும் அது போதாது. பரிசோதனை அறையில் தேறிய நடை வீட்டு வாசலில் தடுமாறுவது இதனால் நேர்கிறது. நடைவேகத்தை மட்டும் அளக்கும் ஆய்வுகள், சரிவில் விழாமல் இறங்குவதன் அருமையை முழுமையாகக் காட்டிவிடுவதில்லை.

லிபர்சனின் குதியாளி சப்பாத்து அணிபவரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. செருப்போடு நடந்து, வீட்டு வாசலிலும் கோயில் முகப்பிலும் விகாரையிலும் அதையும் கழற்றிவிடும் சமூகத்தில், அந்த ஆளிக்கு இடமே இல்லை. 2000களில் பரவிய வோக்எயிட் போன்ற கருவிகள், முழங்காலுக்குக் கீழே கட்டும் பட்டியிலேயே ஒரு சாய்வுணரியை வைத்து, காலின் சாய்வைக்கொண்டே அடியெடுக்கும் கணத்தைக் கண்டுபிடிப்பதால், வெறுங்காலோடு நடப்பவருக்கும் பயன்படக்கூடியன. விலையோ மலைநாட்டின் பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாதது. இலவச மருத்துவம் வழங்கும் அரச வைத்தியசாலைகளில் பொதுவாகக் காணக்கூடியது, அணிந்து நடக்கும் இத்தகைய கருவியைவிட, மேசைமீது வைத்துப் பயன்படுத்தும் பெட்டியே. அதைக்கொண்டு செய்யக்கூடியவற்றுள் சான்றுபலம் மிக்கது ஒன்று உண்டு. பாரிசவாதத்தின் தொடக்க நாட்களில், தோளைப் பிடித்து நிறுத்தும் தசைகளைத் தூண்டி வந்தால், துவண்ட கையின் பாரத்தால் தோள்மூட்டு இடம்பெயர்வதைக் குறைக்க முடியும். நோயாளி இன்னும் வார்ட்டில் படுத்திருக்கும்போதே செய்யத்தக்க சிகிச்சை என்பதால், வீடு திரும்பியபின் மலையிறங்கி வந்துபோக இயலாதவருக்கும் அது பயன்தருகிறது.

இச்சிகிச்சையைச் செய்வோரின் கல்வியும் கண்டிப் பகுதியில் வேரூன்றியது. நீண்ட காலம் கொழும்பில் டிப்ளோமா அளவில் மட்டும் கற்பிக்கப்பட்ட இயன்மருத்துவம், 2000களின் நடுப்பகுதியில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பாக ஆனது. கண்டிக்குக் கிழக்கே திகனவில் புனர்வாழ்வு வைத்தியசாலை ஒன்றும் இயங்குகிறது. வாரக்கணக்கில் தங்கிப் பயிற்சி பெறுவதற்கு ஏற்ற இத்தகைய இடங்கள் நாட்டில் மிகச் சிலவே. மின்தூண்டலின் பயன், அரைமணி நேரத் துடிப்பைவிட அதைச் சூழ நடக்கும் பயிற்சியைப் பொறுத்தது என்று சான்றுகள் காட்டுவதால், பெட்டிகளின் எண்ணிக்கையைவிட இத்தகைய படுக்கைகளின் எண்ணிக்கையும், வீடு திரும்பியவரைத் தேடிச்செல்லும் இயன்மருத்துவரின் எண்ணிக்கையுமே இப்பகுதியில் பாரிசவாத மீட்சியின் அளவைத் தீர்மானிக்கின்றன.

பேராதனையில் நரம்பையும் சந்தியையும் சோதித்த மின்துடிப்புக்கும், பாரிசவாத நோயாளியின் காலில் பாதத்தை உயர்த்தும் மின்துடிப்புக்கும் பௌதிக அளவில் பெரிய வேறுபாடு கிடையாது. முன்னது அறுந்த இடத்தைக் காட்டியது. பின்னது அறுந்த இடத்துக்குக் கீழே எஞ்சியிருப்பதைப் பயன்படுத்துகிறது. முன்னதைச் செய்யாமல் பின்னதைத் தொடங்குவோர், நரம்பு செத்த தசையின் மீது மாதக்கணக்கில் குறுந்துடிப்பை வீணாக்கும் பிழைக்கு ஆளாகக்கூடும். பாரிசவாத நோயாளிக்கும் பழைய நீரிழிவாலோ நரம்பு அழுத்தப்பட்டதாலோ கீழ்நரம்பு கெட்டிருப்பது உண்டு என்பதால், இந்த எச்சரிக்கை ஏட்டளவில் நிற்பதன்று.

2021இல் ‘லான்செட்’ வெளியிட்ட ஓர் ஆய்வு, தசையையோ அதன் நரம்பையோ தொடாமல், கழுத்தில் ஓடும் வேகசு நரம்பைக் கைப்பயிற்சியின் ஒவ்வோர் அசைவோடும் சேர்த்துத் தூண்டி, பாரிசவாதத்துக்கு ஆளான 108 பேரிடம் அதன் பயனைச் சோதித்தது. அதே ஆண்டில் அமெரிக்க அரசு அச்சிகிச்சைக்கு ஒப்புதல் அளித்தது. அறுந்த இடத்துக்குக் கீழே வேலைசெய்துகொண்டிருந்த மின்னோட்டம் அறுந்த இடத்தை நோக்கியே மேலேறிய அந்த மாற்றத்தின் வரலாற்றை அடுத்த பகுதி விவரிக்கும்.

(தொடரும்)